வெறும் காற்று

என் மகனுக்கு,

உன் மேல் இறைவனின் அமைதி இறங்கட்டும். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, காலையில் ஒரே பாத்திரத்துச் சாயாவைக் குடித்துவிட்டு, மகனுக்குக் கடிதம் எழுதுகிற கிறுக்கன் இந்தப் பம்பாய்ச் செம்பூரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வாயால் சொல்லத்தான் பார்த்தேன். மூன்று வாரமாகப் பார்க்கிறேன். நீ ஸ்டேஷனிலிருந்து நடந்து வந்து, ஷூவைக் கழற்றிக்கொண்டே “சாப்ட்டீங்களா வாப்பா?” என்று கேட்பாய். உடனே நானும் “இன்னைக்கு ட்ரெயின்ல கூட்டமால?” என்று கேட்டுத் தப்பித்துவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பலாம். ஆனால் நீ அதை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, குர்லாவில் வண்டி மாறுவதற்குள் கேட்டு முடித்துவிடுவாய். தமிழை நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். அதற்காகவே தமிழில் எழுதுகிறேன். மெதுவாகப் படி. நடுவில் நிறுத்தாமல் கடைசிவரை படி.

இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டவில்லை. யார் எடுத்துப் படித்தாலும் படிக்கட்டும். கல்யாணில் இருக்கிற உன் மாமாவிடம் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தாலும் எனக்குச் சம்மதம். ஊர் பார்க்க உனக்கு ஓர் அநியாயம் நடந்தது. அதை நானும் நீயும் மட்டும் ரகசியமாகப் பேசித் தீர்த்துக்கொண்டால் பாதிதான் தீரும்.

உன் கம்பெனி உன்னை மூன்று வருடத்துக்கு ஜெர்மனிக்குப் போகச் சொல்கிறது. நீ இரண்டு தடவை முடியாது என்று சொல்லிவிட்டாய். கடைசியாக, வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல் என்று கேட்டிருக்கிறார்கள். இதெல்லாம் நீ என்னிடம் சொல்லவில்லை. பால்கனியில் நின்று உன் மேனேஜரிடம் போனில் பேசினாய்; என் கண்தான் மங்கல், காது இன்னும் பழுதில்லை. “அம்மி கே டைம் மே மை நஹீ தா. அப் அப்பா கோ அகேலா நஹீ சோடூங்கா” என்றாய். உம்மா நேரத்தில் நான் கூட இல்லை, இனி வாப்பாவைத் தனியாக விடமாட்டேன் என்று. அதைக் கேட்டபோது நான் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு வெங்காயத்தைக் காரணம் சொல்லிக்கொண்டேன். அந்த ஒரு பேச்சுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீ எதற்காக இங்கே தங்குகிறாயோ, அந்தக் காரணம் பொய். அந்தப் பொய் என்னுடையது.

மூன்று வாரத்துக்கு முந்தைய அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பார். நீ ஆசைப்பட்டு வாங்கிய அந்தப் பழைய ஜெர்மன் காடியின் கம்ப்ரஸரைக் கழற்றிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்தாய். இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: காரை நாங்கள் காடி என்போம்; இந்தக் காடிகளில் ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில் நாலு சக்கரத்துக்கும் நாலு காற்றுப் பைகள் இருக்கும். அந்தப் பைகளுக்குக் காற்றடிப்பது ஒரு சின்னக் கம்ப்ரஸர். பையில் பொடி ஓட்டை விழுந்தால்கூடக் கம்ப்ரஸர் மூச்சுவிடாமல் ஓடித் தேய்ந்து போகும். காலையில் வந்து பார்த்தால் லட்சக்கணக்கில் விலை போன காடி தரையில் வயிறு பட நாய்க்குட்டி மாதிரி படுத்துக் கிடக்கும். கடைசிப் பதினைந்து வருடம் நமக்குச் சோறு போட்டது அப்படிப் படுத்துக்கொண்ட காடிகள்தான். காடி விற்ற கம்பெனிக்குக் கொண்டுபோனால் புதிதாக மாற்று என்பார்கள். நான் பழையதையே பிரித்து, உள்ளே தேய்ந்ததை மட்டும் மாற்றி, திரும்ப எழுப்பி நிறுத்திவிடுவேன். தாராவியிலிருந்து தாதர் வரை எந்த கராஜில் போய்க் கேட்டாலும் கம்ப்ரஸர் என்றால் என் பெயரைச் சொல்வார்கள். அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது; அதைப் பிறகு சொல்கிறேன்.

அன்று நீதான் மிஸ்திரி. யூட்யூபில் பார்த்து ரிப்பேர் கிட்டைத் தபாலில் வரவழைத்து வைத்திருந்தாய். ஹாலில் பழைய பெட்ஷீட்டை விரித்து நீ உட்கார்ந்தாய். நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து டார்ச் பிடித்தேன். தலைப்பகுதியின் நாலு ஸ்க்ரூவைக் கழற்றினாய். பிஸ்டனைச் சுற்றியிருந்த ரிங் தேய்ந்து வெட்டிப்போட்ட நகம் மாதிரி கையோடு வந்தது. புது ரிங்கை நீ அழுத்தாமல், விரலால் சுற்றிச் சுற்றி உட்காரவைத்த விதத்தைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நான் ஒரு வார்த்தையும் குறுக்கே பேசவில்லை. அதன்பிறகு டிரையரின் மூடியைத் திறந்தாய். காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சுகிற வெள்ளை மணிகள் உள்ளே இருந்து பெட்ஷீட்டில் கொட்டின. “வாப்பா, இத புதுசா மாத்தணுமா, இல்ல வறுத்துப் போட்டாப் போதுமா? உம்மாவோட அந்தத் தவா எங்க?” என்று சிரித்துக்கொண்டே கேட்டாய். நான் டார்ச்சைக் கீழே வைத்துவிட்டேன். “கை வலிக்கா வாப்பா?” என்று கேட்டாய். ஆமாம் என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து, தலையைத் தூக்காமலே கேட்டாய்: “வாப்பா, அன்னைக்கு நீங்க வேண்டாம்னு சொன்னாலும் நான் அந்த மிஷின வாங்கி அனுப்பியிருக்கணும்ல? அனுப்பியிருந்தா உம்மா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாங்கள்ல?”

நான் என்ன பதில் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? “அந்த ஓ-ரிங்குக்குக் கிரீஸ் தடவுல” என்றேன். நீ தடவினாய். சாயங்காலம் கீழே போய்க் கம்ப்ரஸரை மாட்டி, சாவியைத் திருப்பியதும் காடி மெள்ள எழுந்து நின்றது. வாட்ச்மேன் கைதட்டினான். நீ என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாய். நான் முட்டி வலிக்கிறது என்று சொல்லி மாடி ஏறி வந்துவிட்டேன்.

அந்த மணிகளை வறுக்கிற பழக்கம் எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியும். ஒர்க்‌ஷாப்பில் கம்ப்ரஸரைப் பிரிக்கவே மாட்டேன். தாராவித் தொண்ணூறு அடி ரோட்டுத் தூசி, பக்கத்து ஷெட்டில் தோல் சீவுகிற பொடி, எல்லாம் உள்ளே போய்ப் புது ரிங்கை ஒரே மாதத்தில் தின்றுவிடும். அதனால் பிரிக்கிற வேலை எல்லாம் வீட்டில்தான், அடுப்படித் தரையில்தான். உன் உம்மா முதலில் சண்டை போட்டாள். பிறகு அவளும் அந்த வேலைக்குள் வந்துவிட்டாள். ஈரம் குடித்த மணிகளை வறுத்தால் திரும்பவும் வேலை செய்யும். அதற்காகத் தேய்ந்துபோன ஒரு இரும்புத் தவாவை ஒதுக்கிக் கொடுத்தாள். உடைந்த மணியைப் பொறுக்கி எடுப்பாள். வீட்டுக்கு வருகிறவர்களிடம், “இவுக ஜவ்வரிசி வறுக்காக. ஆனா பாயாசம் மட்டும் ஒருநாளும் வராது” என்று சொல்லிச் சிரிப்பாள். நீயும் ஒரு தடவை அந்த மணியில் ஒன்றை வாயில் போட்டுத் துப்பியிருக்கிறாய். அந்த நாட்களில் அவளுக்கு நுரையீரலில் ஒன்றும் இல்லை. மூன்று மாடியும் தண்ணீர்க் குடத்தோடு ஏறுவாள்.

நோய் வந்தது உனக்குத் தெரியும். நுரையீரல் தழும்பு கட்டி இறுகிக்கொண்டே போகிறது, திரும்பாது, ஆனால் ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருந்தால் நாளைத் தள்ளலாம் என்று டாக்டர் சொன்னார். தெரிந்தவர் ஒருவரிடமிருந்து வீட்டில் வைக்கிற ஆக்சிஜன் மிஷின் ஒன்று பழையதாகக் கிடைத்தது. ஒன்றரை வருடம் அது ஒழுங்காக ஓடியது. நீ அப்போது பூனாவில் இருந்தாய். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாய். நீ போன மறுநாள் மிஷினில் கடகட என்று சத்தம் வந்தது, காற்று குறைந்தது. அதை நான்தான் போனில் உன்னிடம் சொன்னேன். நீ உடனே, “வாப்பா, நான் புதுசு ஒண்ணு ஆர்டர் போடுதேன். நாளைக்கே வந்துரும். அதுவரைக்கும் வாடகைக்கு ஒண்ணு எடுத்து வைங்க” என்றாய். நான் என்ன சொன்னேன் என்பதை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன். “ஏல, முப்பத்தஞ்சு வருஷமா காத்தடிக்க மிஷினோட குடும்பம் நடத்துதேன். எனக்கு நீ மிஷின் வாங்கித் தாறியா? வேண்டாம். நாளைக்கு ஓடும்” என்றேன்.

அது ஓடியது. நடந்ததை முழுதாக எழுதினால்தான் உனக்குப் புரியும். உள்ளே இருந்த கம்ப்ரஸர் நான் தினமும் பார்க்கிற சாமான்தான். சின்ன பிஸ்டன், தேய்ந்த ரிங். அதை மாற்ற எனக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மூடி, ஸ்விட்சைப் போட்டேன். காற்றின் அளவைக் காட்டுகிற குட்டிக் குண்டு குழாய்க்குள் எழும்பி, நிற்க வேண்டிய கோட்டில் நின்றது. அதோடு நான் நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதம் இல்லை. கம்ப்ரஸருக்குப் பக்கத்தில் இரண்டு குழல்கள் இருந்தன. எனக்குக் கை நிற்கவில்லை. திறந்தேன். உள்ளே அதே வெள்ளை மணி, அதே ஜவ்வரிசி. இதுவும் ஈரம் உறிஞ்சுகிற மணிதான், ஒன்றரை வருடத்தில் நன்றாக ஈரம் குடித்திருக்கும், இதையும் வறுத்துப் போட்டால் மிஷின் புதுசாகிவிடும் என்று முடிவு செய்தேன். யாரையும் கேட்கவில்லை. யாரைக் கேட்பது? கேட்க வருகிறவர்கள் எல்லாம் என்னிடம்தானே வருவார்கள். அவளுடைய தவாவில், அவளுடைய அடுப்பில் வறுத்தேன். ஜன்னலோரம் தாம்பாளத்தில் பரப்பி ஆறவைத்தேன். வெளியே நல்ல மழை. “அதே ஜவ்வரிசியா?” என்று கட்டிலில் இருந்தபடி கேட்டாள். ஆமாம் என்றேன்.

அது வேறு மணி. காற்றில் இருக்கிற மற்ற வாயுவைப் பிடித்து நிறுத்திக்கொண்டு, ஆக்சிஜனை மட்டும் வெளியே விடுகிற மணி. மழைக்காற்றில் கொஞ்ச நேரம் திறந்து வைத்தாலே அதன் வேலை போய்விடுமாம். வீட்டு அடுப்புச் சூட்டில் அது திரும்பாதாம், அதற்கு உலை வேண்டுமாம். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பிறகு தெரிந்தது என்பதை மன்னிப்புக்காகச் சொல்லவில்லை. தெரியாததைத் திறந்தேன், அது என் தப்பு.

திரும்பப் பூட்டி ஓடவிட்டதும் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது, பீப் பீப் என்று சத்தம் வந்தது. மகனே, பம்பாயில் ஓடுகிற பழைய காடிகளில் எச்சரிக்கை விளக்கு எரியாத காடி ஒன்றை நான் பார்த்ததில்லை. பத்துக்கு எட்டு சென்சார்தான் பழுதாக இருக்கும், எஞ்சின் நன்றாக இருக்கும். நாங்கள் அந்த விளக்கைப் பிடுங்கிவிட்டு வேலையைப் பார்ப்போம். இங்கேயும் அதையே செய்தேன். சத்தம் வருகிற ஒயரை வெட்டினேன். விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டினேன். “அது என்னங்க மஞ்ச லைட்டு?” என்று கேட்டாள். “சென்சார் கோளாறு. நீ படு” என்றேன். அவள் படுத்தாள். இருபத்தெட்டு வருடமாக மிஷின் விஷயத்தில் நான் சொன்னதை அவள் ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை.

அன்று சாயங்காலம் மூக்கில் குழாயை வைத்துக்கொண்டு அவள் சொன்னது எனக்கு இன்றைக்கும் காதில் கேட்கிறது. “முன்ன மாதிரி இல்லீங்க. நம்ம வீட்டுக் காத்து மாதிரியே இருக்கு” என்றாள். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். மிஷின் வாடை போய், வீட்டுக் காற்று மாதிரி சுத்தமாக வருகிறது என்று சொல்கிறாள் என நினைத்தேன். ஒர்க்‌ஷாப்பில் போய் நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னேன். அவளுக்குச் சரியாகத் தெரிந்திருக்கிறது. மூச்சு அவளுடையது, அவளுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? உன் வாழ்க்கையில் உன்னோடு இருக்கப்போகிறவள் ஒன்றைச் சொன்னால், உன் படிப்பையும் வேலையையும் ஒருபக்கம் வைத்துவிட்டு அவள் சொன்னதை அப்படியே கேள். எனக்கு அந்தப் பழக்கம் இல்லாமல் போனது.

மூன்றாம் நாள் நீ திரும்பக் கூப்பிட்டாய். “விரல்ல மாட்டுத மீட்டர்ல எவ்ளோ காட்டுது வாப்பா? புதுசு ஆர்டர் போட்டிரவா?” என்றாய். மீட்டரில் அப்போது எண்பத்து நான்கு. உன்னிடம் தொண்ணூறுக்கு மேல் என்றேன். பெருநாளுக்கு அவள் மருதாணி வைத்திருந்தாள். நகம் சிவந்திருந்தால் மீட்டர் குறைத்துக் காட்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நகத்தின் சிவப்பைக் கழித்துவிட்டு உன்னிடம் ஒரு கணக்குச் சொன்னேன். இரண்டாவது தடவையும் வேண்டாம் என்றேன். நீ சந்தேகப்பட்டு மூன்றாவது தடவையும் கேட்க வாயெடுத்தாய். “உனக்கு வேற சோலி இல்லியால?” என்று வைத்துவிட்டேன். நீ ஆர்டர் போடாமல் விட்டதற்குக் காரணம் இதுதான். உன்னிடம் சோம்பல் இல்லை, கஞ்சத்தனம் இல்லை, அசட்டை இல்லை.

ஒன்பதாம் நாள் மதியம் லுஹர் தொழுதுவிட்டு நான் வீட்டுக்கு வந்தபோது கஞ்சிக் கிண்ணம் அப்படியே இருந்தது. அவள் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி கறுத்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரரும் நானும் நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். டாக்ஸியில் என் தோளில் சாய்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் முகமூடியை மாட்டி அவர்களுடைய ஆக்சிஜனைத் திறந்ததும், அரை மணி நேரத்தில் அவள் முகத்தில் நிறம் திரும்பி வந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நர்ஸ்கூட, “தேகோ, அச்சா ஹோ ரஹா ஹை” என்றாள். நன்றாகிறது என்று. இங்கே வருகிற காற்றில் நிறம் திரும்புகிறது என்றால், வீட்டில் ஒன்பது நாளாக அவள் எதைச் சுவாசித்தாள்? இந்தக் கேள்வி அந்த வார்டிலேயே எனக்கு வந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. சாயங்காலத்து அஸர் பாங்கு சொல்வதற்கு முன்னால் இதயம் நின்றுவிட்டது. பல நாளாக அது தனியாக இழுத்து இழுத்துக் களைத்துப் போயிருந்தது என்றுதான் டாக்டர் சொன்னார்.

நீ பூனாவிலிருந்து மழையில் நனைந்து வந்து சேர்ந்தபோது அவளைக் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். வீடு நிறைய ஆட்கள். மாடிப்படி வரை நின்றார்கள். உன் மாமா கூடப்பிறந்தவளைப் பறிகொடுத்தவர். யார் மேலாவது எரிந்து விழ வேண்டும் அவருக்கு. உன்னைப் பார்த்ததும், “வந்துட்டியால? பெத்தவளுக்கு ஒரு மிஷின் வாங்கித் தர உனக்கு வக்கில்லை. பழைய டப்பாவ ஒட்டவச்சு ஓட்டிக்கிட்டு இருந்தாரு ஒன் வாப்பா. நீ பூனாவுல ஏசி ரூம்ல இருந்தியோ?” என்று எல்லாரும் கேட்கக் கேட்டார். நீ என்னை ஒரே ஒரு தடவை பார்த்தாய். ‘வாப்பாதான் வேண்டாம்னு சொன்னாங்க’ என்று நீ சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் போகிறாய் என்று நான் நடுங்கினேன். நீ தலையைக் குனிந்துகொண்டு, “தப்புதான் மாமா” என்றாய். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துச் செய்தாய். நான் அந்தக் காப்பாற்றலை வாங்கிப் போர்த்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். அவளை அடக்கம் செய்ய நீ முன்னால் தோள் கொடுத்து நடந்தபோது, நாலு பேர் உன் முதுகுக்குப் பின்னால் பேசியது எனக்குக் கேட்டது. அப்போதும் வாய் திறக்கவில்லை.

நாற்பது நாள் கழித்து அந்த மிஷினை ஜமாஅத்தில் கொடுத்தால் இன்னொரு நோயாளிக்கு ஆகும் என்று நினைத்தேன். நல்லவேளை, கொடுப்பதற்கு முன் சோதிக்க அவர்களே ஓர் ஆளை அனுப்பினார்கள். நீ அன்று ஆபீஸில் இருந்தாய். அவன் குழாய் நுனியில் கையடக்கமான மீட்டர் ஒன்றை வைத்தான். தொண்ணூறுக்கு மேல் காட்ட வேண்டுமாம். இருபத்தொன்று காட்டியது. மீட்டரைத் தட்டிப் பார்த்தான். பிறகு ஜன்னலுக்கு வெளியே நீட்டினான். அங்கேயும் இருபத்தொன்று. “சாச்சா, இஸ்மே ஆக்சிஜன் கஹாங்? ஸிர்ஃப் ஹவா ஹை” என்றான். இதில் வெறும் காற்றுதான் வருகிறது என்று. யார் திறந்தது என்று கேட்டான். தெரியாது என்று சொன்னேன். சொந்த வீட்டு ஹாலில் உட்கார்ந்துகொண்டு முன்பின் தெரியாத ஒருவனிடம்கூட என்னால் உண்மையைச் சொல்ல முடியவில்லை.

அவளைப் பார்த்த டாக்டரிடம் போனேன். அவரிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். நோய் முற்றியிருந்தது, இதனால்தான் போனார் என்று சொல்ல முடியாது, இதனால் இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார். அந்தப் பதிலில் முதல் பாதியை மட்டும் பிய்த்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இரண்டு வருடமாக அதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். இந்த இரண்டு வருடத்தில் நீ பூனா வேலையை விட்டு இங்கே பம்பாயில் முலுண்டுக்கு மாற்றிக்கொண்டு வந்தாய். எனக்குச் சாயா போட்டாய், கண் ஆபரேஷனுக்குக் கூட்டிப் போனாய், உன் கல்யாணப் பேச்சை மூன்று தடவை தள்ளிப்போட்டாய். எனக்கு அது வசதியாக இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதமும் பொய்யாகிவிடும். நீ உன் மேல் போட்டுக்கொண்ட பழியில் நான் மூன்று வேளையும் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

நேற்று உன் மாமாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நடுவில் ஒரு தடவை, “என்ன சொல்லுதிய மச்சான்?” என்று கேட்டார், அவ்வளவுதான். முடித்த பிறகு அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அழுகிறாரோ என்று நினைத்தேன். பிறகு, “பயகிட்ட நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அவன்கிட்ட சொல்லிட்டியளா?” என்றார். இல்லை என்றேன். “முதல்ல அவன்கிட்ட சொல்லுங்க” என்று வைத்துவிட்டார். இனி என்னோடு பேசுவாரா என்று தெரியாது.

வெள்ளிக்கிழமை நீ கம்பெனிக்குச் சரி என்று பதில் அனுப்பு. என் மேல் கோபம் வரும். வரட்டும். இங்கே உட்கார்ந்துதான் கோபப்பட வேண்டும் என்று இல்லை, ஜெர்மனியில் இருந்துகொண்டும் படலாம். என்னோடு பேச மனம் வராவிட்டால் பேசாதே. போய்ச் சேர்ந்த விவரத்தை மட்டும் மாமாவிடம் சொல். எனக்குச் சாயா போடத் தெரியும், மாத்திரை எடுத்துப் போடத் தெரியும். பள்ளிவாசல் பக்கத்தில்தான் இருக்கிறது. நீ என்னை மன்னித்துவிட்டேன் என்று சொல்ல வந்தால் அதை அவசரப்பட்டுச் சொல்லாதே. அது உனக்கு உண்மையாகத் தோன்றுகிற அன்று சொன்னால் போதும். அந்த நாள் வராமலே போனாலும் நீ நல்ல பிள்ளைதான்.

கடைசியாக ஒன்று பாக்கி இருக்கிறது. மற்ற எல்லாவற்றையும்விட இதை மறைத்ததுதான் எனக்கு அதிகம் கனக்கிறது. ஏழாம் நாள் என்று நினைக்கிறேன், பக்கத்து வீட்டுக்காரம்மா உன் உம்மாவைப் பார்க்க வந்தார். நான் அடுப்படியில் நின்றேன். மகன் அடிக்கடி வருவதில்லையே என்று அவர் ஏதோ கேட்டார். அதற்கு இவள் மூச்சு வாங்க வாங்கப் பதில் சொன்னாள். எனக்கு அப்போது கோபம் வந்தது; என் கைவேலையைக் குறைத்துப் பேசுகிறாளே என்று. அந்தக் கோபத்தில் உன்னிடம் சொல்லவில்லை. பிறகு சொல்ல நினைத்தபோதெல்லாம், இதைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டிவருமே என்று பயந்து விழுங்கிவிட்டேன். அவள் சொன்னது இது: “எம் மவன் புது மிஷினே அனுப்புதேன்னான். ஒண்ணுக்கு ரெண்டு தடவ கேட்டான். இவுகதான் வேண்டாம்னுட்டாக. பிள்ள கேட்டான்ல, எனக்கு அது போதும்.”

உன் வாப்பா